வேடந்தாங்கல், கரிக்கிலி, மதுராந்தகம், உத்திரமேரூர்: ஏரிகள் சூழ்ந்த ஊர்களைச் சுற்றிப் பார்க்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே இந்தப் பக்கம் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம். கட்டணங்களும் பேருந்து நேரங்களும் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

ஏரி மாவட்டம்னு சொல்றாங்களே, அது எது? அங்க பார்க்க என்ன இருக்கு?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். இன்று அது செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்து கிடக்கிறது. பாலாற்றைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி பெரிய ஆறு இல்லாத மண் இது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைத் தேக்கி வைத்துத்தான் வருஷம் முழுக்க ஓட்ட வேண்டும். அதனால் ஊருக்கு ஒரு ஏரி வெட்டினார்கள். ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் கல் கட்டுமானம்) வழிந்தால் அந்தத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். இப்படிச் சங்கிலியாகக் கோத்த அமைப்பு இது.

பார்க்க வேண்டியவை: வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்கள், மதுராந்தகம் ஏரியும் ஏரிகாத்த ராமர் கோயிலும், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், தூசி மாமண்டூர் குடைவரைகள், திருக்கழுக்குன்றம். இவற்றில் பெரும்பாலானவற்றின் கதை ஓர் ஏரியில்தான் தொடங்குகிறது. கோயிலை மட்டும் பார்த்துவிட்டுக் கரைமேல் ஏறாமல் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும்.

வேடந்தாங்கலுக்கு எந்த மாசம் போகணும்?

நவம்பர் முதல் மார்ச் வரை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அதில் தப்பில்லை, ஆனால் அது மட்டும் போதாது. வடகிழக்குப் பருவமழை சரியாகப் பெய்த ஆண்டில் அக்டோபர் கடைசியிலேயே நத்தை குத்தி நாரைகள் இறங்கிவிடும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அதன் பின்னால் வரும். டிசம்பரில் கூடு கட்டுவதைப் பார்க்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் குஞ்சுகளின் இரைச்சல் காதைத் துளைக்கும். மார்ச் கடைசியில் கூட்டம் கலையத் தொடங்கும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஜனவரிதான் எங்கள் சிபாரிசு. பொங்கல் விடுமுறை நாட்களை மட்டும் தவிருங்கள். பறவையைவிட மனிதத் தலைதான் அதிகம் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) நகரவும் முடியாது.

போன வருஷம் ஜனவரியில போனோம், ஒண்ணுமே இல்ல. ஏன்?

தண்ணீர் இருந்திருக்காது. இந்தப் பறவைகள் நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை. ஏரி நிறைந்தால்தான் கூடு கட்டும். மரங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனை, நரி, கீரி எதுவும் கூட்டை நெருங்க முடியாது. தண்ணீர் வற்றி அடிமரம் தெரிய ஆரம்பித்தால் அந்தக் காவல் போய்விடும். பருவத்துக்கு நடுவில் வற்றினால், கட்டிய கூட்டையும் விட்டுவிட்டுப் போய்விடும்.

கிளம்புவதற்கு முன் நவம்பர், டிசம்பர் செய்திகளைப் பாருங்கள். "மதுராந்தகம் ஏரி நிரம்பியது, உபரி நீர் திறப்பு" என்று வந்தால் அந்த வட்டாரம் நனைந்திருக்கிறது என்று பொருள். மதுராந்தகம் ஏரியில் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் வேலை நடந்த ஆண்டுகளில் மட்டும் இந்த அடையாளம் செல்லாது. அப்போது மழை பெய்தும் ஏரியில் தண்ணீரைத் தேக்கவில்லை. மழை சரியாகப் பெய்யாத ஆண்டு என்றால் வேடந்தாங்கலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டு உத்திரமேரூர் போங்கள்.

கார் இல்ல. எப்படிப் போறது?

கடற்கரை–தாம்பரம் தடத்தில் செங்கல்பட்டு வரை மின்சார ரயில் இருக்கிறது. ரயில் செங்கல்பட்டை நெருங்கும்போது தண்டவாளத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி தெரியும். ஜன்னலோரம் உட்காருங்கள். செங்கல்பட்டிலிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ வேடந்தாங்கலுக்குப் பேருந்து பிடிக்கலாம். அடிக்கடி வராது. இறங்கியதும் திரும்பும் வண்டி எப்போது என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாலைவரை இருக்கப் போகிறீர்கள் என்றால் மதுராந்தகத்தில் ஆட்டோ பேசிக் காத்திருக்கச் சொல்வது நிம்மதி.

காரில் வருகிறவர்கள் செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலமும் கடந்து, படாளம் கூட்டு ரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து சுமார் 10 கி.மீ. கவனிக்காமல் நேரே போனால் மதுராந்தகம் வந்துவிடும். அங்கிருந்தும் வழி உண்டு என்பதால் பதற வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டிப் போகும் கூட்டம் இதே சாலையிலும் ரயிலிலும்தான் போகும். உட்கார இடம் கிடைக்காது என்று எண்ணியே கிளம்புங்கள்.

காலையில போகணுமா, சாயங்காலமா?

சரணாலயம் காலை 6 முதல் மாலை 6 வரை. நடுப்பகலில் பெரிய பறவைகளில் பாதி இரை தேடி வெளியே போயிருக்கும். மீதி நிழலில் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் வருகிறவர்கள்தான் "பெரிசா ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரு வேளைதான் முடியும் என்றால் மாலையைத் தேர்ந்தெடுங்கள். நாலு மணிக்கு மேல் வயல்களிலிருந்து வரிசை வரிசையாகத் திரும்பும். நாரைகள் சிறகை அசைக்காமல் வட்டமடித்து இறங்கும். நீர்க்காகங்கள் தாழ்வாக, நேர்கோட்டில் வரும். ஒவ்வொன்றும் தன் கிளையில் இறங்கும்போது பக்கத்துக் கூட்டுக்காரனோடு ஒரு சின்னச் சண்டை நடக்கும். புகைப்படம் எடுப்பவர்களுக்குக் காலைதான் வசதி. காற்று குறைவாக, வெளிச்சம் மென்மையாக இருக்கும்.

பைனாகுலர் வேணுமா? மொபைல்ல படம் வருமா?

கரையிலிருந்து மரங்கள் தள்ளி இருப்பதால் மொபைலில் பச்சை மரத்தில் வெள்ளைப் புள்ளிதான் விழும். 8x42 பைனாகுலர் போதும். 10 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கத்தில் காட்சியே ஆடும். கேமராவுக்கு 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும். வெயிலுக்கு எதிரே நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கரையில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணைக் கூசும் சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம். பறவைக் குரலைப் பதிவு போட்டு அழைக்கக் கூடாது. ட்ரோனை வண்டியிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

எல்லாமே வெள்ளையா பெரிசா இருக்கு. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அலகைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள்.

நத்தை குத்தி நாரை சாம்பல் கலந்த வெள்ளை, சிறகு ஓரம் கறுப்பு. வாயை மூடியிருக்கும்போதும் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். வளர்ந்த பறவைக்குத்தான் அது உண்டு. குஞ்சுக்கு அலகு நேராக ஒட்டியிருக்கும். அதனால் "இது வேற பறவை" என்று பலர் ஏமாறுகிறார்கள். இதன் முக்கிய இரை வயலிலும் ஏரியிலும் கிடக்கும் பெரிய நத்தை. மஞ்சள்மூக்கு நாரைக்கு நுனி லேசாக வளைந்த தடித்த மஞ்சள் அலகு, மொட்டை முகம், வால் பக்கம் ரோஜா நிறச் சிறகு. குஞ்சு அழுக்குப் பழுப்பாக இருக்கும்.

கரண்டிவாயன் பெயருக்கேற்ற மாதிரி: நுனி தட்டையான அலகைத் தண்ணீரில் விட்டு இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடக்கும். அரிவாள்மூக்கனின் அலகு கீழ்நோக்கி வளைந்தது. தலையும் கழுத்தும் கறுப்பு. கூழைக்கடாவை யாரும் தவறவிட மாட்டார்கள். அதன் மேலலகின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். பைனாகுலரில் அதைத் தேடிப் பாருங்கள்.

கறுப்பாக, சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்பவை இரண்டு வகை. கழுத்து பாம்பு மாதிரி நீண்டு, அலகு ஊசியாக இருந்தால் பாம்புத்தாரா. கழுத்து குட்டையாக, அலகு நுனி கொக்கி போல இருந்தால் நீர்க்காகம். இரண்டின் இறகிலும் தண்ணீர் ஊறும். முங்கி மீன் பிடிக்க அது வசதி. அதனால்தான் மேலே வந்ததும் காயவைக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் சைபீரியாவுல இருந்து வந்து இங்க முட்டை போடுதாமே?

எல்லோரும் சொல்வதுதான், ஆனால் சரியில்லை. மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற கூழைக்கடா, நாரைகள், கரண்டிவாயன், நீர்க்காகம், கொக்கு எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். மழையையும் இரையையும் தொடர்ந்து ஊர் விட்டு ஊர் போகும், அவ்வளவுதான்.

வடக்கே தொலைதூரத்திலிருந்து வருபவை வேறு: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, சில உள்ளான்கள். அவை குளிர்காலத்தைக் கழிக்க வருகின்றன. இங்கே முட்டையிடுவதில்லை, கோடையில் வடக்கே திரும்பிப் போய்த்தான் குஞ்சு பொரிக்கும். அவற்றை மரத்தில் தேடாதீர்கள், தண்ணீர்ப் பரப்பில் தேடுங்கள்.

ஃபிளமிங்கோ வருமா?

வேடந்தாங்கலுக்கு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூநாரைக்கு ஆழமில்லாத உப்பு நீர் வேண்டும். பழவேற்காட்டுக்குப் போங்கள்.

கரிக்கிலியும் பார்க்கணுமா? ஒரே மாதிரிதானே?

ஒரே மாதிரி இல்லை. வேடந்தாங்கல் சுமார் 30 ஹெக்டேர். மரங்களும் கூடுகளும் நெருக்கமாக இருக்கும் இடம். அங்கிருந்து சுமார் 10 கி.மீ. தள்ளியிருக்கும் கரிக்கிலி 61 ஹெக்டேர் பரப்பு. பாசன ஏரிகளே சரணாலயமாகியிருக்கின்றன. திறந்த தண்ணீர் அதிகம் என்பதால் மேலே சொன்ன வாத்து வகைகளுக்கு அது தோது. கூட்டமும் கிடையாது, கடையும் கிடையாது. தண்ணீர் பாட்டிலை நீங்களே கொண்டுபோங்கள். 2022-இல் இரண்டுமே ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தன.

சின்னக் குழந்தைகளோடு போனால் வேடந்தாங்கல் மட்டும் போதும். வாத்து பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும்.

ஏரிக்கு நடுவுல மரம் எப்படி அழுகாம நிக்குது?

அவை கடப்ப மரங்கள். நீர்க்கடம்பு என்றும் சொல்வார்கள். மாதக்கணக்கில் அடிமரம் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். கூடவே கருவேல மரங்களும் உண்டு. ஆனால் தண்ணீரைவிட எச்சம் பெரிய சோதனை. கூட்டம் அதிகமான மரத்தின் இலை சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடும். காற்று உங்கள் பக்கம் வீசினால் வாடையும் வரும். அது ஏரி கெட்டுப்போன நாற்றம் அல்ல.

அந்த எச்சம் தண்ணீரில் கலந்து மதகு வழியாக வயலுக்குப் போகிறது. தழைச்சத்து கலந்த பாசன நீர் அது. ஊர்க்காரர்கள் பறவையைக் காத்ததற்கு இரக்கம் மட்டும் காரணம் இல்லை, கணக்கும் இருந்தது.

வெள்ளைக்காரன்தான் சரணாலயம் ஆக்கினானாமே?

தலைகீழ். ஊர்க்காரர்கள்தான் அதற்கும் முன்பிருந்தே காத்துவந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, பறவையைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். 1798 வாக்கில் அதைக் கொடுத்தவர் லயோனல் பிளேஸ். அடுத்த கேள்வியிலும் இவரே வருகிறார்.

ஏரிகாத்த ராமர்னு பேரு ஏன்? நிஜமா நடந்ததா?

மதுராந்தகம் ஏரி தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 23.3 அடி. கிளியாற்று வெள்ளம் வரும்போது கரை உடைவது பழைய பயம். 1790-களில் ஒரு மழைக்காலத்தில் கரை உடையும் நிலை வந்ததாம். கரை நின்றால் தாயார் சந்நிதி கட்டித் தருவதாகக் கலெக்டர் பிளேஸ் வேண்டிக்கொண்டாராம். இரவில் கரையில் வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டாராம்.

இருவரைக் கண்டது தலபுராணம் சொல்வது. ஜனகவல்லித் தாயார் சந்நிதியில் இந்தத் தருமம் பிளேஸ் துரையுடையது என்று கல்லில் வெட்டியிருப்பது கண்ணால் காணக்கூடியது. அதைத் தேடிப் படியுங்கள். பலர் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள். வைணவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: ராமானுஜருக்கு அவருடைய குரு பெரிய நம்பி பஞ்ச சம்ஸ்காரம் (வைணவ தீட்சை) செய்துவைத்தது இங்கே, மகிழ மரத்தடியில். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள்.

உத்திரமேரூர்ல கோயிலத் தவிர என்ன இருக்கு?

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்தான் முக்கியம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே உள்ளன. சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விதிவிதியாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஊரில் 30 குடும்பு (இன்றைய வார்டு மாதிரி). குடும்புக்கு ஒரு குடம். தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

ஏரிக்கென்று தனி வாரியம் இருந்ததைக் கவனியுங்கள். அந்த ஏரி ஊரை ஒட்டி இன்றும் இருக்கிறது. பல்லவர் கால வைரமேக தடாகம் அது. கல்வெட்டைப் படித்த கையோடு கரைக்கும் போய்விட்டு வாருங்கள். சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் மூன்று அடுக்கில் நின்ற, அமர்ந்த, கிடந்த கோலங்களில் பெருமாளைச் சேவிக்கலாம். படி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ் அடுக்கோடு சரி.

அப்போ உலகத்துலயே முதல் ஜனநாயகம் நம்மதுதானே?

கல்வெட்டில் இருப்பதை மட்டும் சொல்கிறோம். அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலத்தின் சபை. வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் (ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்), சொந்த மனையில் வீடு, வேத ஞானம் எல்லாம் வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அதில் இடம் இல்லை.

ஆச்சரியப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது.

மாமண்டூர் குகைக்கு மேப் போட்டா ஜி.எஸ்.டி. ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகுது?

இரண்டு மாமண்டூர் இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கும் மாமண்டூர் ஒன்று. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் குடைவரைகள் இருப்பது காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்த தூசி மாமண்டூர். தேடும்போது "தூசி" சேர்த்துப் போடுங்கள். குன்றை ஒட்டிய பெரிய ஏரிக்குச் சித்திரமேக தடாகம் என்று பழைய பெயர். மழைக்குப் பிறகு குகை வாசலிலிருந்து தண்ணீர்ப் பரப்பைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

ஒரே நாள்ல எல்லாம் முடியுமா?

எல்லாம் முடியாது. நாலு இடம் முடியும், வரிசையை மாற்றினால். பெரும்பாலோர் காலையில் வேடந்தாங்கல் போய்விட்டு, மதியம் சாத்திய கோயில் வாசலில் நிற்கிறார்கள். நீங்கள் விடியற்காலையில் கிளம்பி எட்டரைக்குள் மதுராந்தகம் போங்கள். கோயிலும் ஏரிக்கரையும் பார்த்துவிட்டு, சுமார் 25 கி.மீ. தள்ளியுள்ள உத்திரமேரூரைப் பத்தரைக்குப் பிடித்துவிடலாம். அங்கேயே சாப்பாடு. இரண்டரைக்குக் கரிக்கிலி, நாலுக்கு வேடந்தாங்கல், ஆறு வரை அங்கே. தூசி மாமண்டூரைக் காஞ்சிபுரம் போகிற நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். திருக்கழுக்குன்றத்தை மாமல்லபுரத்தோடு சேருங்கள். அங்கே உச்சிவேளையில் உணவுக்கு இறங்கி வந்த கழுகுகள் 1990-களோடு நின்றுவிட்டன. அவற்றுக்காக 500-க்கு மேற்பட்ட படிகளை மதிய வெயிலில் ஏற வேண்டாம்.

ஏரியில குளிக்கலாமா? படகு இருக்கா?

சரணாலய ஏரிகளில் இரண்டுமே கிடையாது. மற்ற ஏரிகளிலும் தெரியாத இடத்தில் இறங்காதீர்கள். மண் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து தெரியாது. முழங்கால் அளவிலிருந்து ஒரே எட்டில் தலைக்கு மேல் போய்விடும். மதகு திறந்திருந்தால் அதன் வாயருகே தண்ணீர் உள்ளே இழுக்கும். கலங்கல் வழியும்போது அதன்மேல் நடப்பது இன்னும் மோசம். கணுக்கால் அளவுதான் ஓடும், ஆனால் கல்லில் பாசி பிடித்திருக்கும். விழுந்தால் கீழ்ப்பக்கம் பாறை.

படகு ஆசை இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலியார்குப்பம் படகுத்துறைக்குப் போங்கள்.

டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஏரிதான் சரணாலயமா, இல்ல சுத்தி உள்ளதும் சேர்த்தா?

சுற்றி உள்ளதும் சேர்த்துத்தான். ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம் என்பது 1998 அறிவிப்பு. 2020-இல் இதை 3 கி.மீ. ஆக்கும் யோசனை வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. முப்பது ஹெக்டேர் ஏரி இத்தனை ஆயிரம் பறவைக்கும் குஞ்சுக்கும் சோறு போடாது என்பதுதான் காரணம். கூடு இங்கே, இரை வெளியே. சுற்றுவட்டார ஏரிகளும் நெல் வயல்களும்தான் அவற்றின் சமையலறை.

இதில் வருகிறவர்களுக்கும் ஒரு லாபம் இருக்கிறது. படாளத்திலிருந்து வரும் வழியில், நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக வாருங்கள். நாரைகள் மேய்ந்தால் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பாருங்கள். வண்டிக்குப் பயப்படாது, இறங்கி நிற்கும் ஆளுக்குத்தான் பறக்கும். நத்தை குத்தி நாரை சேற்றுக்குள் அலகை விட்டு நத்தைச் சதையை உருவி எடுப்பதைக் காவல் கோபுரத்திலிருந்து பார்க்க முடியாது, இங்கே பார்க்கலாம்.